வாயிற்படியும் வர்த்தமானியும்

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் பாடிய அடியார்களுள் தண்டியடிகள் என்பார் ஒருவர். திருவாரூரிலே பிறவிக் குருடராய்த் தோன்றியவர். தூர்ந்து போய்க்கொண்டிருந்த திருக்குளத்தை அகழ்ந்து பெருக்க விரும்பிய அவர், மண் வெட்டுமிடத்தில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டையும் கயிற்றாற் பிணித்து, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைச் சுமந்து கொட்டினார். அடிகளின் அன்புறுதியையும், பின்னர் அவர் கண்பெற்ற அற்புதத்தையும் போற்றுவோர் பலர். தறியும் கயிறும் கதையின் ஓரத்தில் நின்றுவிட்டன. ஆயினும் கட்டட வரலாற்றை ஆராய்வோனுக்கு அவையே முதன்மையானவை. அடிகளின் பணி நடந்தமைக்குக் காரணம் அக்கயிறு. அவரைப் பகைத்தோர் அப்பணியைத் தடுக்கக் கருதியபோது பறித்துக்கொண்டதும் மண்வெட்டி, கூடை என்பவற்றோடு அத்தறியையும் கயிற்றையுமே. ஒருவனைச் செயலற்றவனாக்குவது அவனது உடற்குறை மட்டுமன்று, அவனைச் சூழ அமைந்த பொருள்களும் அவ்வாறு செய்ய வல்லன என்னும் உண்மை இதனுட் பொதிந்து கிடக்கின்றது.

இவ்வுண்மையைக் கட்டடச் சட்டம் உணர்ந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. கொழும்பு மாநகரை எடுத்துக்கொண்டால், அது வர்த்தமானியில் எழுத்துருப் பெற்றது 2006ஆம் ஆண்டிலேதான்.

இதனால் நம் முன்னோர் நொண்டியையும் குருடையும் மறந்திருந்தனர் என்று கொள்ளலாகாது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையம்பலத்தே பிச்சையேற்றுக் கொணர்ந்த உணவைக் காணார், கேளார், கால்முடமானோர், பேணுவாரில்லாதோர் முதலியோர்க்கு ஊட்டிய பின்னரே தான் உண்டான். ஈழத்திலே புத்ததாசன் என்னும் அரசன் வைத்தியத்திற் புகழ்பெற்றவன். அவன் மகன் உபதிஸ்ஸன் முடவர்க்கும் குருடர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் நோயாளர்க்கும் சாலைகள் அமைத்தான் என்று சூளவம்சம் கூறும். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலிலே, வீரராசேந்திர சோழன் காலத்தில், 1069ஆம் ஆண்டளவில், 15 படுக்கைகளோடு கூடிய ஆதுலர்சாலை ஒன்று நடந்தமையைக் கல்வெட்டுக் காட்டுகின்றது. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் மருத்துவசாலையின் இடிபாடுகள் இன்றும் காணக் கிடக்கின்றன. மலையுச்சிக்குச் செல்லும் 1,840 படிகளைக் கண்டு வியக்கும் யாத்திரிகர், அம்மருத்துவசாலை மலையடிவாரத்தில் அமைந்திருப்பதைக் கவனிப்பது குறைவு. நோயாளி படியேறலாகாதென்பதே அவ்வாறு அமைத்தோரின் கருத்தாயிருந்ததோ என்று கேட்கத் தோன்றுகின்றது.

எனினும் இவையனைத்தும் அறத்தின்பாற் பட்டவை. இயலாதவனுக்கு உணவும் மருந்தும் ஓரிடத்தில் அளிப்பது இவற்றின் நோக்கம். அவன் ஏனையோரைப்போல் அரண்மனைக்கும் அங்காடிக்கும் கல்விக் கூடத்துக்கும் தானே போய்வர வேண்டியவன் என்னும் எண்ணம் இவற்றில் இல்லை. அவ்வெண்ணம் எந்நாட்டிலும் அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

இனிக் கொழும்பு நகரின் கட்டடச் சட்டம் பிறந்த வரலாற்றை நோக்கலாம். 1914ஆம் ஆண்டிலே கொள்ளைநோயாகிய பிளேக்குக் கொழும்பிற் புகுந்தது. துறைமுகத்தை அடுத்த நெரிசலான தெருக்களிலே, எலிகள் மலிந்த கிடங்குகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையில், மக்கள் மடிந்தனர். காற்றும் வெளிச்சமும் புகாத கட்டடங்களே நோயின் உறைவிடம் என்னும் அச்சம் ஆட்சியாளரைப் பற்றிக்கொண்ட அக்காலத்தில், 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. தெருவின் அகலத்துக்கேற்பவே கட்டடம் உயரலாம். வீட்டின் பின்புறத்தே வெற்றிடம் விடவேண்டும். அறைக்குச் சாளரம் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. இவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. கட்டிமுடித்த கட்டடம் சட்டத்துக்கு இணங்க அமைந்ததென்று நகரசபை சான்றிதழ் வழங்கிய பின்னரே அதில் எவரும் குடிபுகலாம் என்னும் முறை அச்சட்டத்தால் நிலைபெற்றது. இவ்விணங்கற் சான்றிதழ், பின்னால் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

சுவாசப்பைக்கு இவ்வளவு பரிவு காட்டிய சட்டம் முழங்காலைப் பற்றிச் சிந்திக்கவில்லை. வீதி மட்டத்துக்கு மேலே அடித்தளத்தை உயர்த்துவது மழைவெள்ளம் மிகுந்த கொழும்பிலே தேவையாகவும் இருந்தது, பெருமையாகவும் கருதப்பட்டது. காலிமுகத்திலே 1930இல் எழுந்த பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் முகப்பை நோக்குக. உயர்ந்த தூண்களும் அவற்றின் கீழே அகன்று விரிந்த படிவரிசையும் அரசின் மாட்சியைப் பறைசாற்ற அமைந்தவை. குடிமகன் ஏறிச் செல்லவேண்டும். ஏறும்போதே அவன் சிறுத்துப்போக வேண்டும். இவ்வழகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. கச்சேரி, தபாற்கந்தோர், வங்கி, கல்லூரி மண்டபம் என்று நாடெங்கும் சிறிய உருவிற் பரவிற்று.

வெள்ளவத்தையின் பழைய வீடுகள் இத்துணை ஆடம்பரமானவை அல்ல. இரண்டு மூன்று படியேறினால் விறாந்தை, அதனையடுத்துக் கூடம், பின்னால் முற்றமும் கிணறும். கட்டிலில் விழுந்த பாட்டனாரையும் ஒரு நாற்காலியில் இருத்தி இருவர் முற்றத்துக்குத் தூக்கி வந்துவிடலாம். கொட்டாஞ்சேனையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தோர்க்கு இடமும் காற்றும் போதாதிருந்தன; பொதுக் குழாயும் பொது மலசலகூடமுமே கதி. ஆனால் வாயிலைக் கடந்தால் நிலம். அங்கே ஒரு முதியவள் வெளியே வந்து அயலாரோடு பேசுதற்கு எவர் தயவும் வேண்டியிருக்கவில்லை.

இந்நிலை 1980களின் பின் மாறிற்று. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடுகள் எரியுண்டன. குடிகள் பலர் கடல் கடந்தனர். வடக்கிற் போர் முற்றியபோது, சிறப்பாக 1995ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வின் பின், கொழும்புக்கு வந்தடைந்த தமிழர் தொகை பெருகிற்று. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணம் வீடு தேடிற்று. காணியோ சில பேர்ச்சுகள் மாத்திரம்; ஆகவே கட்டடம் மேல்நோக்கி வளர்ந்தது. விறாந்தை வீடுகள் ஒவ்வொன்றாய் இடிக்கப்பட்டுக் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளெல்லாம் தொடர்மாடிகள் ஆயின. கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஏழை மக்களுக்கும் அதே விதி வேறொரு வழியில் வந்தது. பொறளையில் 2001இல் 671 வீடுகளோடு அமைந்த சகஸ்புர மாடி முன்மாதிரியாகி, 2010இன் பின் மட்டக்குளி, தெமட்டகொடை, புளூமென்டால் முதலிய இடங்களில் உயர்மாடிகள் எழுந்தன. தோட்டத்துக் குடும்பங்கள் அவற்றினுள் குடியேற்றப்பட்டன. மண்ணில் நடந்து பழகிய முதியோர் மின்தூக்கியை நம்பி வாழ்வோராயினர். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெள்ளவத்தை மாடிகளில் எஞ்சி நிற்போரும் முதியோரே என்பதையும் ஈண்டு மறத்தலாகாது.

நகரம் இவ்வாறு மாறிக்கொண்டிருந்த காலத்துக்கு முன்னரே பிறநாடுகளில் ஒரு புதிய துறை தோன்றியிருந்தது. இரண்டாம் உலகப் போரிலே காலிழந்து மீண்ட வீரர் பல்கலைக்கழகம் புகுந்தபோது அமெரிக்காவின் இலினோயிஸ் பல்கலைக்கழகத்தில் திமோதி நுஜென்ற் என்பார் செய்த முயற்சி, 1961இல் கட்டடங்களை எவரும் அணுகும்படி அமைத்தற்கான முதலாவது தேசிய நியமமாக முதிர்ந்தது. போலியோவால் தாக்குண்ட செல்வின் கோல்ட்சிமித் என்னும் ஆங்கிலக் கட்டடக்கலைஞர் 1963இல் இப்பொருள் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1967இல் யப்பானின் ஒக்கயாமா நகரிலே சேயிச்சி மியாக்கே அமைத்த, காலால் உணரத்தக்க புடைப்புக் கற்கள் பார்வையற்றோர்க்கு வழிகாட்டின. தண்டியடிகளின் கயிற்றை நினைவூட்டும் இக்கற்கள் இன்று உலகின் பல நகரங்களிற் பதிக்கப்பட்டுள்ளன.

இலங்கையிலே 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. (அங்கவீனர், ஊனமுற்றோர், வலது குறைந்தோர், வலுவிழந்தோர், மாற்றுத்திறனாளிகள் எனப் பெயர்கள் மாறிய வேகத்திற் படிகள் மாறியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமிராது.) பொதுமக்கள் புகத்தக்க கட்டடத்திலோ இடத்திலோ உடற்குறை காரணமாக ஒருவனுக்குத் தடையோ நிபந்தனையோ விதித்தலாகாதென்று அதன் 23ஆம் பிரிவு கூறிற்று. உயரிய வாக்கியமே. ஆனால் வாயில் எத்தனை அங்குலம், சரிவு எவ்வளவு என்று அது கூறவில்லை. கொத்தனாருக்கு அங்குலக் கணக்கு வேண்டும். அக்கணக்கு 2006 ஒக்ரோபர் 17ஆந் திகதிய 1467/15ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில், அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகளாக வந்தது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் பொதுச் சேவைகள் கிடைக்கும் இடங்களும் அவற்றுள் அடங்கின. 1915ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 91 ஆண்டுகள்.

அங்குலம் ஏன் இவ்வளவு பெரிதென்று வினவலாம். சக்கர நாற்காலி செல்லும் சரிவுப்பாதைக்கு உலகெங்கும் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, ஓர் அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பதாகும். ஒன்றரை அடி உயர்ந்த தளத்தை அடையப் பதினெட்டு அடிப் பாதை வேண்டும். கீழும் மேலும் நாற்காலியைத் திருப்ப ஏறத்தாழ ஐந்தடி விட்டமுள்ள சமதளமும் வேண்டும். சில பேர்ச்சுக் காணியில், வீதியோரம் வரை கட்டிமுடித்த பின், இப்பதினெட்டு அடிக்கு எங்கே போவது? ஆகவேதான் பின்னர் ஒட்டவைக்கும் சரிவுகள் ஆறடியிலும் ஏழடியிலும் செங்குத்தாய் நின்றுவிடுகின்றன. அத்தகைய சரிவு சட்டத்துக்குக் காட்டும் சாட்டு மாத்திரமே. அதில் இறங்குவோன் நாற்காலியோடு வீதியில் விழுவான். வாயிலும் அத்தகையதே. நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 26 அங்குலம். சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கும் இடம் வேண்டுமாதலால் 32 அங்குலமாவது தடையின்றித் திறக்கவேண்டும். நம்மவர் வீடு கட்டும்போது மற்றைய கதவுகளினும் குறுகலாக வைப்பது குளியலறைக் கதவையே. உட்புறம் திறக்கும் கதவானால், வழுக்கி விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்போர் கதவை உடைக்க நேரும். பளபளக்கும் தரையோட்டை விரும்புவோர் அது நனைந்தபோது யாது நிகழுமென்று வாங்கும் வேளையில் எண்ணுவதில்லை. கதவை வெளிப்புறம் திறக்க வைப்பதற்கும், சொரசொரப்பான ஓடு பதிப்பதற்கும், சுவரில் ஒரு கைபிடி பொருத்துவதற்கும் வரைபட நிலையில் ஆகும் செலவு சொற்பம். கட்டிய பின் சுவரை உடைப்பதே பெருஞ்செலவு.

ஆகவே இவ்வொழுங்குவிதிகளின் உயிர் வரைபடத்தை அங்கீகரிக்கும் மேசையிலேயே இருந்தது. அங்கேதான் அவை உறங்கின. அவற்றை எழுப்பியவர் அஜித் சி. எஸ். பெரேரா. இரசாயனவியலாளராயும் கிரிக்கெற் நடுவராயும் விளங்கிய அவர், 1992 நவம்பரிலே தாம் சென்றுகொண்டிருந்த காரின்மீது வீதியோர மரம் முறிந்து வீழ்ந்ததால் இடுப்பின்கீழ் உணர்விழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தார். பின்னர் ‘இதிரிய’ என்னும் அமைப்பை நிறுவி, கட்டடம் கட்டுவோருக்கும் அதிகாரிகளுக்கும் எழுதியும் பேசியும் வந்தார். பயன் போதாதெனக் கண்டு 2009இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2011 ஏப்பிரல் 27இல் நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது. புதிய பொதுக் கட்டடங்களின் இன்றியமையாத பகுதிகள், மலசலகூடம் உட்பட, எல்லோரும் அணுகத்தக்கனவாக வேண்டும். விதிகளுக்கு மாறான வரைபடத்தை எவ்வதிகாரசபையும் அங்கீகரித்தலாகாது. அவ்வாறான கட்டடத்துக்கு இணங்கற் சான்றிதழ் வழங்கலாகாது என்பதே அதன் சாரம்.

பிளேக்குக்கு அஞ்சி ஏற்பட்ட சான்றிதழ் முறை ஒரு நூற்றாண்டின் பின் சக்கர நாற்காலிக்குத் துணைவந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1996ஆம் ஆண்டின் உரிமை வாசகத்துக்கு வலிமை தந்தது, மறுக்கத்தக்க அந்தத் தாளே எனலாம். ஆனால் தாளும் மனிதர் கையாலேயே ஒப்பமிடப்படுவது. அதே பெரேரா 2018இல் மீண்டும் உயர் நீதிமன்றத்தின் வாயிலை நாட வேண்டியிருந்தது. 2019 ஏப்பிரலில் வெளிவந்த தீர்ப்பு, அணுகும் உரிமையை அரசியலமைப்பின் சமத்துவ உரிமையோடு சேர்த்து ஆராய்ந்தது. இதற்கிடையே, 2016 பெப்ரவரியில், உடற்குறையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுறுதி செய்திருந்தது. அதன் 9ஆம் உறுப்புரை இப்பொருள் பற்றியதே. பெரேரா 2020இல் மறைந்தார்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 1,617,924 பேர், அஃதாவது நூற்றுக்கு 8.7 பேர், ஏதேனும் ஓர் இயலாமையுடையோர். பார்வைக் குறையும் நடத்தற் குறையுமே அவற்றுள் மிகுதி. அதே ஆண்டில் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை எட்டியோர். இவ்விரு கூட்டத்தாரும் பெரும்பாலும் ஒருவரே என்பது எந்த வீட்டிலும் காணத்தக்கது. இவர்கள் தம் பொழுதைக் கழிப்பதோ பொதுக் கட்டடத்திலன்று, தத்தம் வீட்டில். வர்த்தமானியின் நோக்கு வங்கியையும் கந்தோரையும் சார்ந்தது. மூன்றாம் மாடியிலுள்ள வீட்டின் குளியலறைக்குள் அது நுழைவதில்லை. தொடர்மாடியின் படிக்கட்டும் மின்தூக்கியும் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டத்தின்படி உடைமையாளர் அனைவர்க்கும் பொதுவானவை. பராமரிப்பும் அவர்களது முகாமைக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. கீழ்த்தளத்தில் வாழ்வோர் தாம் ஏறாத மின்தூக்கிக்குப் பணம் கொடுக்க முகஞ்சுளிப்பதும், மேல்தளத்து முதியவர் அதனாலேயே வெளியுலகைக் காண்பதும் ஒரே கட்டடத்தில் நிகழ்கின்றன. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது இதன் கடுமை வெளிப்பட்டது. மின்பிறப்பாக்கி இல்லாத மாடிகளிலும், இருந்தும் டீசல் கிடையாத மாடிகளிலும் படியிறங்க முடியாதோர் தத்தம் மாடியிலேயே சிறையிருந்தனர். மருந்தும் பாலும் கயிற்றிற் கட்டிய கூடையாற் பெறுவது நகைப்புக்குரிய காட்சியன்று.

பாடசாலைகளின் நிலையும் கருதற்பாலது. 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல் விசேட ஏற்பாடுகள் சட்டம், இயலாமையுடைய வாக்காளர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்துச் செல்ல இடமளித்தது. ஆனால் வாக்களிப்பு நிலையங்களிற் பெரும்பாலானவை பாடசாலைக் கட்டடங்களே. துணைவர் உடன்வரினும் மண்டபத்துப் படி அவ்விடத்தேதான் நிற்கும். வாக்காளர்க்கு அஃது ஒருநாட் தொல்லை. காலூனமான மாணவனுக்கோ நாள்தோறும் உள்ளது. அவனது வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதற்கு வர்த்தமானியும் வேண்டா, பணமும் வேண்டா. நேரசூசி வகுப்போர் மனங்கொண்டாற் போதும். விஞ்ஞான ஆய்வுகூடமும் நூல்நிலையமும் மேல்மாடியில் அமைந்திருப்பின் மாத்திரமே சிக்கல் கடினமாகின்றது.

கோயில்களைப் பற்றி ஒரு சொல். கொச்சிக்கடையிலே 1857இல் தோன்றி, 1907 முதல் சேர் பொன்னம்பலம் இராமநாதனாற் கருங்கல்லிற் புதுக்கப்பெற்ற பொன்னம்பலவாணேசர் ஆலயம் போன்றவற்றின் கல்லைப் பெயர்க்குமாறு எவரும் கூறார். கருவறையைச் சார்ந்த பகுதிகளுக்கு ஆகம விதி உண்டு. ஆனால் கலியாண மண்டபத்துக்கும் அன்னதான மண்டபத்துக்கும் பாதணி வைக்குமிடத்துக்கும் ஆகமம் படி விதித்ததில்லை. அவை சீமெந்துக் காலத்தவை. மண்டபம் மேல்மாடியிலும் மணமகனின் பாட்டியார் கீழே காரிலுமாக நடந்தேறிய திருமணங்கள் வெள்ளவத்தையில் உண்டு.

அமைப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். சென்னை மெரீனாக் கடற்கரையிலே 2022 நவம்பர் இறுதியில், சக்கர நாற்காலியில் வருவோர் அலையருகே செல்லும்படி 263 மீற்றர் நீளமான மரப்பாதை திறக்கப்பட்டது. கடலையே அருகிற் கண்டிராதோர் பலர் அங்கு வந்தனர். இரு வாரத்துள் மண்டூஸ் புயல் அதனைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. கடற்காற்றும் உப்பும் வெள்ளவத்தைக்கும் உரியவை. இங்கே மின்தூக்கியின் இரும்பும் சரிவுப்பாதையின் கைபிடியும் சில ஆண்டுகளிலேயே துருவேறிவிடும். எனவே முகாமைக் கூட்டுத்தாபனங்களின் வருடாந்தக் கணக்கில் வர்ணப்பூச்சுக்கு ஒதுக்கப்படும் தொகைக்கு அருகே, மின்தூக்கிக்கும் கைபிடிக்கும் ஒதுக்கப்படும் தொகை யாது என்று மேல்மாடிக் குடியினர் கேட்கத் தொடங்கியுள்ளனர்.